முதலில் டியூப்லைட்டை அணையுங்கள்

செஞ்சிக்கு வடக்கே, தேசூர் பக்கத்தில் இருக்கிறது சீயமங்கலம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் இங்கே ஒரு பாறையைக் குடைந்து சிவனுக்குக் கோயில் எடுத்தான். தன் விருதுப்பெயர்களில் ஒன்றைச் சூட்டி அதை அவனிபாஜன பல்லவேசுவரம் என்று அழைத்தான். ஊர் வழக்கில் அது தூணாண்டார் கோயில். அங்கே அரைத்தூண் ஒன்றின் மேற்பகுதியில் ஆடுகின்ற சிவனைச் சிறிதாகச் செதுக்கியிருக்கிறார்கள். தமிழகத்தில் கல்லில் கிடைத்துள்ள ஆடல்வல்லான் உருவங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று அது.

இப்படிப்பட்ட ஒரு புடைப்புச் சிற்பத்துக்கு நேர் எதிரே நின்று ஃபிளாஷ் அடித்துப் படம் எடுத்தால் என்ன ஆகும்? கல் வெளுத்துத் தெரியும். தூக்கிய கால் எது, பின்னணிப் பாறை எது என்று பிரிக்க முடியாது. ஒளி பக்கவாட்டில் சுவரை உரசிக்கொண்டு வரும் வேளையில் பார்த்தால் அதே சிற்பம் எழுந்து நிற்கும். காரணம் எளிய கணக்கு. இரண்டு சென்டிமீட்டர் புடைத்த ஓர் உருவத்தின் மேல் 45 பாகைச் சாய்வில் ஒளி விழுந்தால் நிழலின் நீளமும் இரண்டு சென்டிமீட்டர். சாய்வு 10 பாகையாகக் குறைந்தால் நிழல் 11 சென்டிமீட்டருக்கு நீள்கிறது. நேர் எதிரிலிருந்து வரும் ஒளிக்கு நிழலே இல்லை. நிழல் இல்லாத இடத்தில் நம் மூளைக்கு வடிவத்தைச் சொல்ல ஆள் இல்லை.

குறைந்த காசில் குறும்படம் எடுக்கும் இளைஞர்களிடம் நான் சொல்ல விரும்புவது முழுக்க இந்தத் தூணில் இருக்கிறது. படம் சுமாராக வந்துவிட்டால் "லைட் பத்தலை" என்கிறார்கள். பெரும்பாலும் ஒளி பற்றாமல் போவதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எவ்வளவு பரப்பிலிருந்து வருகிறது, எங்கெல்லாம் வேண்டாமல் விழுகிறது என்பதை யாரும் பார்க்காததுதான் குறை. இவை மூன்றையும் மாற்றுவதற்கு வாடகை கிடையாது.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் வழியில் இருக்கும் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் இதே மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்தேன் என்று பெருமையாகப் பதித்திருக்கிறான். மத்தவிலாசம் என்ற நகைச்சுவை நாடகம் எழுதியவனும் அவனே. வழக்கமான பொருள்கள் கையில் இல்லாததைக் குறையாகச் சொல்லாமல் சாதனையாகச் சொன்ன நாடகக்காரன் ஒருவன் இந்த வட்டாரத்தில் வேலை செய்திருக்கிறான் என்பது குறும்படக்காரர்களுக்கு நல்ல துணை.

ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். சீயமங்கலத்தில் ஓர் ஓட்டு வீடு. இரவு. ஆயா தரையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருக்கிறார். சென்னையில் வேலை கிடைத்த செய்தியைச் சொல்லப் பேத்தி வந்து பக்கத்தில் உட்காருகிறாள். படக்குழுவில் நாலைந்து பேர், ஒரு கைபேசி அல்லது வாடகைக்கு எடுத்த சின்ன கேமரா. வீட்டில் சுவரின் உச்சியில் ஒரு டியூப்லைட். சுவரெல்லாம் வெள்ளை.

அப்படியே எடுத்தால் திரையில் மிகப் பளிச்சென்று தெரிவது சுவர்தான். ஆயாவின் கண்குழிகள் கறுத்திருக்கும். இருட்டான இடங்களில் பொடிப்பொடியாக ஏதோ ஊர்வது போல இருக்கும். வீட்டில் நேரில் நின்றவர்களுக்கு இவற்றில் எதுவும் தெரிந்திருக்காது. கண்ணும் கேமராவும் பார்ப்பது வேறு வேறு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். உச்சி வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஒளி தரையில் விழுகிறது. ஒற்றை டியூப்லைட் எரியும் கூடத்தில் 100 லக்ஸ் இருந்தால் அதிகம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். வெளியிலிருந்து உள்ளே வரும் நமக்கு ஒரு சில நிமிடங்களில் பழகிவிடுகிறது. கண்மணி விரிகிறது, விழித்திரை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது, மூளை மீதியைச் சரிக்கட்டிவிடுகிறது. கேமராவுக்கு அந்த மூளை கிடையாது.

அந்தப் பொடிப்பொடியான ஊர்தலுக்குக் காரணம் வெறும் மட்டமான கேமரா அல்ல. ஒளியின் இயல்பே அது. ஒளி துகள் துகளாக வந்து சேர்கிறது. மழைத்துளிகள் போல ஒழுங்கில்லாமல்தான் வருகிறது. சென்சாரின் ஒரு புள்ளியில் சராசரியாக 100 ஒளித்துகள்கள் விழ வேண்டிய இடத்தில் ஒரு முறை 90 விழும், இன்னொரு முறை 110 விழும். நூற்றுக்குப் பத்து ஏற்ற இறக்கம். அதே புள்ளியில் 10,000 துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் நூறு, அதாவது நூற்றுக்கு ஒன்று. எண்ணிக்கையின் வர்க்கமூலம் என்பது விதி. இருட்டில் கைபேசி செய்வது, கிடைத்த கொஞ்சம் துகள்களை மின்னணு முறையில் பெருக்கிக் காட்டுவது. ஏற்ற இறக்கமும் சேர்ந்தே பெருகுகிறது. எவ்வளவு விலை உயர்ந்த கேமராவும் இந்த விதியை மீற முடியாது. எனவே முகத்தில் போதிய துகள்கள் விழ வேண்டும். முகத்தில் விழுந்தால் போதும். அறை முழுக்க விழத் தேவையில்லை.

இங்கேதான் அந்த டியூப்லைட்டை அணைக்கச் சொல்கிறேன். அது அறை முழுவதற்கும் ஒரே மாதிரி ஒளி தருவதற்காகச் செய்யப்பட்டது. வீட்டுக்கு நல்லது, காட்சிக்குக் கெடுதி. அணைத்துவிட்டு 9 வாட் எல்இடி பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, ஒயர் நீட்டி, ஆயாவுக்குப் பக்கவாட்டில் அரை மீட்டர் தூரத்தில், ஃபிரேமுக்கு வெளியே வைத்துப் பாருங்கள். ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்று பள்ளியில் படித்தது இங்கே உயிர் பெறுகிறது. விளக்கு ஆயாவுக்கு 2 மீட்டரிலும் பின்சுவருக்கு 2.5 மீட்டரிலும் இருந்தால், ஆயா பெறும் ஒளியில் மூன்றில் இரண்டு பங்கைச் சுவரும் பெறுகிறது. ஆயாவைச் சுவரிலிருந்து நகர்த்தி உட்கார வைத்து, விளக்கை அவருக்கு அரை மீட்டரிலும் சுவருக்கு 3 மீட்டரிலும் இருக்கும்படி செய்தால் சுவருக்குப் போவது 36-ல் ஒரு பங்கு. விளக்கும் அதே, சுவரும் அதே. வெள்ளைச் சுவர் இரவாகிவிட்டது.

கணக்கில் அப்படி. நடைமுறையில் சுவர் அவ்வளவு இருளாது, ஏனென்றால் வெள்ளையடித்த சின்ன அறையில் ஒளி ஒரு முறை விழுந்து நிற்பதில்லை. நல்ல வெள்ளைச் சுவர் தன் மேல் விழும் ஒளியில் முக்கால் பங்கையோ அதற்கு மேலோ திருப்பி அனுப்பிவிடும். எதிர்ச் சுவர், கூரை, தரை என்று ஒளி உருண்டுகொண்டே இருந்து எல்லா நிழலையும் நிரப்பிவிடுகிறது. ஊர் வீடுகளில் எடுத்த படங்கள் தட்டையாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்தத் திரும்பும் ஒளி. இதற்கு மருந்து விளக்கு அல்ல, கறுப்புத் துணி. கேமராவுக்குத் தெரியாத பக்கத்துச் சுவரில், ஆயாவின் முகத்துக்கு அருகே, கறுப்புப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டால் அந்தப் பக்கக் கன்னம் சட்டென்று இருண்டு முகத்துக்கு வடிவம் வரும். சினிமா யூனிட்டில் விளக்குக்கு முன் கறுப்புத் துணிச் சட்டம் நிறுத்தி, வேண்டாத இடத்துக்கு ஒளி போகாமல் வெட்டுவார்கள். அதைக் கட்டர் என்பார்கள். ஒளியைச் சேர்க்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். கழிக்கத் தெரிந்த லைட்மேனைத்தான் பெரிய ஒளிப்பதிவாளர்கள் கூடவே வைத்துக்கொள்கிறார்கள்.

அந்த வெறும் பல்பு இன்னும் ஒரு தொல்லை தரும். மூக்கின் நிழல் கத்தியால் கீறியது போல விழும். நிழலின் விளிம்பு கூர்மையா மென்மையா என்பதை முடிவு செய்வது விளக்கின் வாட் அல்ல. பார்க்கப்படும் இடத்திலிருந்து அந்த விளக்கு எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதுதான். சூரியன் எவ்வளவு பெரியது! ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் அரைப் பாகை அகலம்தான் தெரிகிறது. அதனால்தான் வெயிலில் நிழல் வெட்டியது போல இருக்கிறது. மேகம் மூடினால் வானம் முழுவதுமே விளக்காகி, நிழல் காணாமல் போகிறது. ஆறு சென்டிமீட்டர் பல்பு ஒரு மீட்டர் தூரத்தில் மூன்று பாகைக்குச் சற்று அதிகமாகத் தெரியும். அந்தப் பல்பை ஒரு மீட்டர் நீளத் தெர்மாகோல் அட்டையின் பக்கம் திருப்பி, அட்டையிலிருந்து திரும்பும் ஒளியை முகத்துக்கு விட்டால், அதே தூரத்தில் ஐம்பது பாகைக்கு மேல் அகலமான விளக்கு கிடைக்கிறது. ஒளியின் அளவு குறையும். அட்டையை இன்னும் கிட்டே கொண்டுவந்து ஈடுகட்டலாம். கிட்டே வரவர மென்மையும் கூடும். தெர்மாகோல் இல்லையென்றால் சலவை செய்த நாலு முழ வேட்டி போதும். விளக்குக்கு முன்னால் பட்டர் பேப்பர் கட்டினாலும் இதே கதைதான்.

இந்தத் தெர்மாகோல் உத்திக்குப் பின்னால் நம் நாட்டுச் சரித்திரம் ஒன்று இருக்கிறது. சத்யஜித் ராய் 1956-ல் 'அபராஜிதோ' எடுத்தபோது, காசியின் பழைய வீடு ஒன்றின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் செட்டாகப் போட வேண்டியிருந்தது. காசியின் அப்படிப்பட்ட முற்றத்தில் ஒளி மேலே திறந்த வானத்திலிருந்து மட்டும் இறங்கும், நிழலே விழாது. ஸ்டுடியோ விளக்குகளால் அது வராது, பார்ப்பவர்களுக்குச் செட் என்று தெரிந்துவிடும் என்று ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா கவலைப்பட்டார். கவலைக்கு அவரே விடையும் கண்டார். செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். விளக்குகளைக் கீழிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி முற்றத்தில் இறங்கியது. துணிதான் வானம். படத்தைப் பார்த்தவர்களுக்கு அது செட் என்றே தோன்றவில்லை. 'பதேர் பாஞ்சாலி'க்கு முன் மித்ரா திரைப்படக் கேமராவை இயக்கியதே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வானம் எப்படி ஒளி தருகிறது என்று உட்கார்ந்து பார்த்த ஒருவர், உலகம் முழுக்க ஒளிப்பதிவாளர்கள் இன்று அன்றாடம் செய்கிற ஒன்றை இந்தியாவில் ஆரம்பத்திலேயே செய்து காட்டினார்.

நம் தமிழில் பாலுமகேந்திரா அதே வழியில் நடந்தவர். மட்டக்களப்புக்குப் பக்கத்தில் அமிர்தகழியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். 'கோகிலா'வுக்கும் 'மூன்றாம் பிறை'க்கும் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பெற்றவர். 1988-ல் வந்த 'வீடு' படத்தில் கதையே ஒரு நடுத்தரக் குடும்பம் வீடு கட்டப் படும் பாடு. அந்தப் படத்தில் வெளிச்சம் சன்னல் வழியாகவும் வாசல் வழியாகவும் வருகிறது. வர வேண்டிய இடத்திலிருந்துதான் வருகிறது. அதற்கு ஓராண்டுக்கு முன் பி.சி. ஸ்ரீராம் 'நாயக'னில் இருட்டைப் பயமில்லாமல் திரையில் விட்டார். அவருக்கும் தேசிய விருது கிடைத்தது. இருவர் பாணியும் வேறு. ஆனால் இரண்டிலும் ஒளி எங்கிருந்து வருகிறது என்று பார்வையாளன் கேட்டால் அந்த அறைக்குள்ளேயே பதில் இருக்கும்.

இப்போது நம் காட்சியின் மறுநாள் காலை. பேத்தி பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே இருட்டு. ஆயிரக்கணக்கில் வாடகை கொடுத்துப் பெரிய விளக்கு கொண்டுவர வேண்டுமா? கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் உச்சி வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லூமன் ஒளி இருக்கிறது. 9 வாட் எல்இடி பல்பு தருவது 900 லூமன் அளவு. ஒரு சதுர அடி முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலுக்கு நேராகக் காட்டினால் 9,000 லூமன் அதில் விழும். கண்ணாடி விழுங்குவது போக 8,000 லூமன் வீட்டுக்குள் வரும். சந்தையில் வாங்கிய கண்ணாடி ஒன்பது பல்புகளுக்குச் சமம், கரண்ட் இல்லாமல்! 1959-ல் குரு தத்தின் 'காகஸ் கே ஃபூல்' படத்தில் ஸ்டுடியோவின் இருட்டுக்குள் வானத்திலிருந்து இறங்கும் அந்தப் புகழ்பெற்ற ஒளிக்கற்றையை மைசூர்க்காரரான வி.கே. மூர்த்தி இப்படித்தான் கொண்டுவந்தார். இரண்டு பெரிய கண்ணாடிகள், அசல் வெயில். தாதாசாகேப் பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவர்தான்.

கண்ணாடி பிடிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. கண்ணாடியிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் அந்த ஒரு பாகை கிட்டத்தட்ட ஒன்பது சென்டிமீட்டர். ஒரு டேக் முடிந்து அடுத்த டேக்குக்குத் தயாராவதற்குள் ஒளித்திட்டு ஆயாவின் நெற்றியிலிருந்து இறங்கிவிடும். ஆகவே கண்ணாடியைச் செங்கல்லில் சாய்த்துவிட்டுப் போக முடியாது. ஒருவர் கூடவே நின்று சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். அதிலும், கண்ணாடியை ஒரு பாகை திருப்பினால் ஒளி இரண்டு பாகை திரும்பும் என்பதால் கை மெதுவாக இருக்க வேண்டும். அந்தத் திட்டின் விளிம்பையும் உற்றுப் பாருங்கள். ஐந்து மீட்டரில் அது நாலைந்து சென்டிமீட்டர் அகலத்துக்குக் கலைந்திருக்கும். சூரியனின் அரைப் பாகை அகலம் சுவரில் எழுதும் கையெழுத்து அது. நேராக முகத்தில் அடித்தால் கண் கூசும், கண்ணுக்கும் கெடுதி. கண்ணாடியிலிருந்து ஒளியைக் கூரையடியில் கட்டிய வேட்டிக்கு அனுப்பி, வேட்டியிலிருந்து இறக்கினால் மித்ராவின் வானம் அந்த ஓட்டு வீட்டுக்குள் வந்துவிடும்.

வெளியே எடுப்பதாக இருந்தால் நடுப்பகலைத் தவிர்க்க வேண்டும். இந்த ஊர் வடக்கே பன்னிரண்டரைப் பாகையை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டியும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. புருவத்தின் நிழலில் கண்கள் மறைந்து போகும். அந்தி நேரத்தை நம்பலாம் என்றால் அதிலும் வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1978-ல் வந்த 'டேஸ் ஆஃப் ஹெவன்' படத்தின் பெரும்பகுதியை நெஸ்டர் அல்மென்ட்ராஸ் அந்தியொளியில் எடுத்தார். அது கனடாவின் ஆல்பர்ட்டா. அங்கே சூரியன் சாய்வாக இறங்குவதால் அந்தி நீளும். நம் ஊரில் கிட்டத்தட்ட செங்குத்தாக விழுந்துவிடும். சூரியன் மறைந்து இருபது இருபத்திரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. நடிகர்களை நாலு மணிக்கே ஒத்திகை பார்த்து வைத்திருந்தால் ஒரு ஷாட் தேறும்.

நிறத்தைப் பற்றிப் பேசும் முன் தோலைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு இது முக்கியம். கேமராவின் தானியங்கி அளவி, தான் பார்க்கும் காட்சி சராசரியாக 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் வெளிச்சத்தைத் தீர்மானிக்கிறது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுத்த முகம் ஒன்று இருந்தால் சுவரைப் பார்த்துவிட்டு முகத்தை இருட்டாக்கிவிடும். பழுது முகத்தில் இல்லை. ஃபிலிம் காலத்திலும் இதே அநீதி இருந்தது. கோடாக் நிறுவனம் பிரிண்டு போடும் கடைகளுக்கு நிறத்தைச் சரிபார்க்க அனுப்பிய அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்களின் படமே இருந்தது. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். பழுப்பு நிறங்களைச் சரியாகப் பதியும் ஃபிலிம் வந்ததற்கு, சாக்லேட், மர அறைகலன் விளம்பரக்காரர்களின் புகாரும் ஒரு காரணம் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. இன்றைக்குத் தீர்வு நம் கையில் இருக்கிறது. கைபேசித் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்தி எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள். கறுத்த தோலுக்கு மேலும் மேலும் விளக்கு தேவையில்லை. பக்கவாட்டில் ஒரு பெரிய மென்மையான விளக்கு போதும். கன்னமேட்டிலும் மூக்கின் தண்டிலும் தோல் ஒளியைப் பளபளவென்று திருப்பும். அந்த மினுக்கம்தான் வடிவம். பவுடர் அப்பி அதை அழித்துவிடாதீர்கள்.

நிறத்துக்கு வருவோம். குண்டுபல்பு 2,700 கெல்வின், நம் வீட்டு வெள்ளை டியூப்லைட் 6,500, நண்பகல் வெயில் 5,500 என்று ஒவ்வொன்றும் ஒரு வெண்மை. எண் கூடக் கூட நீலம் கூடும். மூளை இவற்றையெல்லாம் வெள்ளை என்றே நமக்குச் சொல்லிவிடுகிறது. கேமராவுக்கு ஒரு நேரத்தில் ஒரு வெள்ளைதான். மஞ்சள் பல்பும் டியூப்லைட்டும் சேர்ந்து எரிந்தால் முகத்தின் ஒரு பக்கம் மஞ்சள், மறு பக்கம் நீலம். ஒன்றை அணைத்துவிட்டு, வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியிலிருந்து எடுத்துக் கையால் பூட்டுங்கள். மலிவு எல்இடிகளில் வேறொரு சிக்கல்: வெள்ளையாகத் தெரிந்தாலும் அவற்றின் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. நம் தோலின் உயிர்ப்பு அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் முகம் சாம்பல் பூத்து நோயாளி போலத் தெரியும். பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களைச் சரியாகக் காட்டும் திறனின் அளவு) 90 என்றோ அதற்கு மேலோ போட்டிருக்கும் பல்பு கொஞ்சம் விலை கூடுதல்தான். வாங்குங்கள்.

மின்துடிப்பையும் மறக்கக் கூடாது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதனால் சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடியாகவோ நூறில் ஒரு நொடியாகவோ வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சம அளவு ஒளி கிடைக்கும். அறுபதில் ஒரு நொடி என்று விட்டால் திரையில் பட்டை பட்டையாக இருட்டு ஏறி இறங்கும். எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

கரண்ட் போய்விட்டது, ஆயா அகல் ஏற்றுகிறார் என்று கதையில் வந்தால்? மெழுகுவத்தி ஒன்று ஒரு மீட்டர் தூரத்தில் தருவது சுமார் ஒரு லக்ஸ். அகலும் ஏறத்தாழ அவ்வளவுதான். கால் மீட்டருக்குக் கிட்டே வந்தால் 16 லக்ஸ். ஸ்டான்லி குப்ரிக் 1975-ல் 'பேரி லிண்டன்' படத்தின் மெழுகுவத்திக் காட்சிகளுக்கு, நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸைத் தேடிப் பிடித்தார். அப்போதும் மெழுகுவத்திக் கொத்துகளுக்கு மேலே பிரதிபலிப்பான்களைத் தொங்கவிட வேண்டியிருந்தது. நமக்கு வழி எளிது. அகலுக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாமல், சொம்பு ஒன்றின் மறைவில் சின்ன மஞ்சள் பல்பை வைத்து, ஆயாவின் பக்கம் மட்டும் திறந்துவிடுங்கள். சுடர் திரையில் தெரியும், வேலையைப் பல்பு செய்யும். ஆயாவைச் சற்றுக் குனிந்து உட்காரச் சொன்னால் தூரம் பாதியாகும், ஒளி நான்கு மடங்காகும்.

செலவைப் பற்றிப் பேசிவிட்டு ஆபத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. பழைய வீடுகளில் 5 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு 1,150 வாட்தான் தாங்கும். ஆயிரம் வாட் ஹாலஜன் ஒன்றை மாட்டினாலே விளிம்புக்கு வந்துவிடுவீர்கள். அது கக்கும் வெப்பத்தில் கிட்டே கட்டிய பட்டர் பேப்பர் கருகும். கூரை வீடாக இருந்தாலோ பக்கத்தில் மல்லாட்டைத் தோல் குவிந்திருந்தாலோ என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்இடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எர்த் இருக்கிறதா என்று ஊர் எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்துப் பார்த்துவிட்டு ஒயர் நீட்டுங்கள். ஈரத் தரையில் ஒயர் போடாதீர்கள். செஞ்சிக் கோட்டையிலோ வேறு பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலோ படமெடுக்க நினைத்தால் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். 2025-ல் யுனெஸ்கோ மராட்டியப் படைத்தலங்களின் வரிசையில் செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அங்கே சுவரில் ஆணி அடிக்கவோ விளக்கைக் கட்டவோ யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொரு வேண்டுகோள். படப்பிடிப்புக்கு முந்தைய நாள் கேமராவே இல்லாமல் அந்த வீட்டில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஒருவர் உட்கார வேண்டும். எத்தனை மணிக்கு எந்தச் சன்னல் வழியாக எந்தச் சுவரில் வெயில் விழுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு தாள், வாடகை விளக்குகளைவிட அதிகம் உதவும். படம் முடிந்ததும் வீட்டுக்காரருக்குக் கரண்ட் பில்லுக்கான காசைக் கொடுத்துவிட்டு வாருங்கள். வெயிலில் நின்று கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தவர், கை வலிக்கத் தெர்மாகோல் பிடித்தவர், இவர்கள் பெயரை ஒளிப்பதிவாளர் பெயருக்கு அடுத்து டைட்டிலில் போடுங்கள்.